சி.ஆர்.பி., ஆல்புமின் எண்களைப் பார்த்து அப்பாவின் அறுவை சிகிச்சையை நிறுத்தலாமா?

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதி, அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 61. கைத்தறியில் லுங்கி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். பீடிப் பழக்கம் உண்டு. ஐந்து மாதங்களாகச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்று எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. வேலூரில் உள்ள மருத்துவமனை ஒன்றில் முதலில் நான்கு சுற்று கீமோ, பிறகு அறுவை சிகிச்சை, அதன்பின் மீண்டும் கீமோ என்று முடிவு செய்தார்கள். நான்காம் சுற்று முடிந்துவிட்டது. சித்திரைக் கடைசி வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். 56 கிலோ இருந்தவர் இப்போது 48 கிலோ. உயரம் 163 செ.மீ.

கீமோ முடிந்த ஆறாம் நாள் வீட்டருகே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரத்தப் புரதமான ஆல்புமின் 2.9, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. 2.4, ஹீமோகுளோபின் 8.9, வெள்ளணுக்கள் 14,200, அதில் நியூட்ரோபில் 82 சதவீதம், லிம்போசைட் 11 சதவீதம். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி இந்த எண்களைக் கைபேசியில் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார். நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் ஏழரை என்றும், ஊட்டச்சத்து முன்கணிப்புக் குறியீடு 36.8 என்றும் வந்திருக்கிறது. அந்தக் குறியீடு 40-க்குக் கீழே இருந்தால் அறுவை சிகிச்சையே கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, “அக்கா, அப்பாவை மேஜையில் படுக்க வைத்தால் எழுந்திருக்க மாட்டார்” என்று தொலைபேசியில் அழுதிருக்கிறார். சர்க்கரையும் பாலும் கறியும் கட்டிக்குத் தீனி என்று அத்தை சொன்னதால், ஒரு மாதமாக அப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழும் அரிசிக் கஞ்சியும்தான். தெரிந்த மருந்துக் கடைக்காரர், நான்கு பாட்டில் ஆல்புமின் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் விருப்பம். அப்பாவிடம் வயிற்றுப் புண் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையை ரத்து செய்துவிடலாமா, ஆல்புமின் ஏற்றலாமா, சென்னைக்கு மாற்றிவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை. ஸ்கேன் படங்களும் என் கையில் இல்லை. அதனால் அவருடைய மருத்துவரின் முடிவுக்கு மேலே நான் ஒரு முடிவைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அறுவை சிகிச்சையை ரத்து செய்வதற்கு அந்த அறிக்கையில் காரணம் எதுவும் இல்லை. அதற்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன என்பதற்கு நிறையக் காரணம் இருக்கிறது.

கடிதத்தின் இரண்டாம் பக்க ஓரத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “காலையில் குடித்த கூழ் சில நாள் சாயங்காலம் அப்படியே வாந்தியாக வருகிறது.” தம்பி போட்ட கணக்குகள் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். இதை மருத்துவமனையில் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லுங்கள். இரைப்பையின் கீழ்வாயில் உள்ள கட்டி, உணவு குடலுக்குள் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால், எவ்வளவு சத்தான உணவைக் கொடுத்தாலும் அது போய்ச் சேராது. அதற்கு வேறு வழி வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். வீட்டில் எல்லோரும் தூக்கம் கெட்டுக் கிடப்பது அவற்றால்தானே.

அந்த 40 எங்கிருந்து வந்தது

தம்பி போட்ட கணக்கில் தவறு இல்லை. ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட்டுகளின் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் அந்தக் குறியீடு வரும். 29-உம் 7.8-உம் சேர்ந்து 36.8. ஜப்பானில் ஓனோதேரா என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 1984-இல் இந்தச் சூத்திரத்தை வெளியிட்டார்கள். இரைப்பை, குடல் புற்றுநோயாளிகளில் யாருக்குக் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்று அறுவைக்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய நோக்கம். 45-க்கு மேல் இருந்தால் செய்யலாம், 40-க்குக் கீழே என்றால் வேண்டாம் என்று அவர்கள் கோடு போட்டார்கள். தம்பி படித்தது அந்தக் கோட்டைத்தான்.

அது 40 ஆண்டுகளுக்கு முன் போட்ட கோடு. அன்றைய மயக்க மருந்தும், தீவிர சிகிச்சையும், ஊட்டச்சத்து கொடுக்கும் முறைகளும் இன்றைக்கு இருப்பவை அல்ல. இன்று இந்தக் குறியீட்டைப் பார்க்கும் மருத்துவர், 40-க்குக் கீழே இருக்கிறது என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதில்லை. இவரைத் தயார்படுத்தாமல் மேஜைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்.

இதே வகைக் கணக்கில் இன்னொன்று கிளாஸ்கோ மதிப்பெண். ஸ்காட்லாந்தில் நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து 2003-இல் வெளியானது. சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒரு மதிப்பெண், ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் இன்னொன்று. பூஜ்யம் நல்லது, இரண்டு கவலைக்குரியது. தம்பி இதையும் போட்டுப் பார்த்து, “சி.ஆர்.பி. வெறும் 2.4தான், அது மட்டும் நார்மல்” என்று ஆறுதல் அடைந்திருக்கிறார். இங்கேதான் அலகு காலை வாரிவிட்டது. உங்கள் அறிக்கையில் சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே இயல்பு அளவு 0.5-க்குக் கீழ் என்றும் போட்டிருக்கிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் அது 24. ஆகவே அவருடைய மதிப்பெண் இரண்டு. கலவரப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாளை வேறொரு கூடத்தில் ‘20’ என்று அறிக்கை வந்தால், 2.4-இலிருந்து 20-க்கு ஏறிவிட்டது என்று நீங்கள் அலறக்கூடும். உண்மையில் அது குறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்தில் எடுங்கள். அலகையும் சேர்த்துப் படியுங்கள்.

ரத்தம் எடுத்த நாள்

எனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. கீமோ முடிந்த ஆறாம் நாள் ஏன் ரத்தம் எடுத்தீர்கள்? மருத்துவமனை கேட்கவில்லை, நீங்களாகத்தான் எடுத்தீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. கீமோ முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வெள்ளணுக்களைக் கூட்ட ஓர் ஊசி போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசியின் வேலையே நியூட்ரோபில்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குத் தள்ளிவிடுவதுதான். கீமோவோடு வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் நியூட்ரோபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும். ஆக, அந்த ஏழரை என்ற விகிதத்தில் புற்றுநோயின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். லிம்போசைட் கணக்கில் நுழைவதால் 36.8-ஐயும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஆல்புமின்தான் என்பதால் அதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது.

சி.ஆர்.பி.யும் அப்படித்தான். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் அதைச் சுரந்துவிடும். புகை தெரிந்தால் எங்கோ நெருப்பு இருக்கிறது என்று தெரியும். அடுப்பா, கூரையா என்று புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வீக்கம், ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறார் என்று வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பல்லே 24-க்குக் காரணமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சளியாக இருக்கலாம், கீமோ ஏற்றிய ஊசிக்குழாய் இருந்த இடமாகவும் இருக்கலாம். நாள்பட்ட இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோயைத் தேடாமல் விடக் கூடாது. இவற்றில் எது இருந்தாலும் அறுவைக்கு முன் சரிசெய்யலாம். அந்த எண்ணால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான்.

ஆல்புமின் சாப்பாட்டுக் கணக்கு அல்ல

ஆல்புமின் குறைந்தால் புரதம் போதவில்லை என்று அர்த்தம், முட்டை கொடுத்தால் ஏறிவிடும் என்று நம் ஊரில் படித்தவர்களும் நம்புகிறார்கள். மருத்துவர்களிலும் பலர் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். உடம்பில் அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது கல்லீரல் தன் வேலைத்திட்டத்தையே மாற்றிக்கொள்கிறது. சி.ஆர்.பி. போன்றவற்றை அதிகமாகச் செய்கிறது, ஆல்புமினைக் குறைத்துவிடுகிறது. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இருக்கும் ஆல்புமினும் திசுக்களுக்குள் கசிகிறது. அதே நேரத்தில் தசை கரைகிறது, பசியும் மந்தமாகிறது. உங்கள் அப்பாவின் ஆல்புமின் 2.9 ஆக இறங்கியதற்கும் சி.ஆர்.பி. 24 ஆக ஏறியதற்கும் வேர் ஒன்றுதான். அமெரிக்க ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம், ஆல்புமினை ஊட்டச்சத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. ஆனாலும் ஆல்புமின் குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்பது உண்மை. அது ஆபத்தைக் காட்டும்; என்ன சாப்பிட்டார் என்பதைக் காட்டாது.

இப்போது மருந்துக் கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். இருபது சதவீத ஆல்புமின் பாட்டில் 100 மில்லிலிட்டரில் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஏற்றிய அடுத்த நாள் ரத்தத்தில் எண் ஏறும். அழற்சி அடங்காதவரை அதுவும் கசிந்து வெளியேறும். தசை வளராது, காயம் ஆறும் சக்தியும் கூடாது. வயிற்றில் நீர் கோக்கும் மகோதரத்தில் நிறைய நீரை வெளியே எடுக்கும்போதும் வேறு சில நிலைகளிலும் ஆல்புமின் அவசியமான மருந்து. அதை நான் மறுக்கவில்லை. சத்துக் குறைவுக்கு அது மருந்து இல்லை. பல ஆயிரம் ரூபாயைக் கொட்டி ஒரு காகிதத்தில் இருக்கும் எண்ணை அழகாக்க வேண்டாம், அம்மா. அந்தப் பணம் ஒரு மாத உணவுக்கு வரும்.

நான் பார்க்கும் எண் வேறு

36.8-ஐவிட அந்த எட்டு கிலோதான் எனக்குக் கவலை. ஐந்து மாதத்தில் 56-இல் எட்டு போனால் அது உடல் எடையில் 14 சதவீதம். அவருடைய உயரத்துக்கு உடல் எடைக் குறியீட்டைப் போட்டால் 18 வருகிறது, நமக்கெல்லாம் 18.5-க்குக் கீழே என்றாலே மெலிவு. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் கடுமையான ஊட்டச்சத்து ஆபத்துக்கு நான்கு அடையாளங்கள் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பது ஒன்று. எடைக் குறியீடு 18.5-க்குக் கீழே போவது இன்னொன்று. ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடும் பரிசோதனையில் மோசமான நிலை வருவதும், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இல்லாமலே ஆல்புமின் 3-க்குக் கீழே இருப்பதும் மற்ற இரண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் அப்பாவுக்கு மூன்றாவது இருக்கலாம், மற்றவை இருக்கவே இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்குப் புற்றுநோய் அறுவையாக இருந்தாலும் ஏழு முதல் 14 நாட்கள் தள்ளிவைத்து ஊட்டச்சத்து கொடுத்துவிட்டுச் செய்யலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

அப்பாவிடம் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறாரா? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா? கை குலுக்கினால் பிடி இருக்கிறதா? வேட்டியின் சுற்றளவு எவ்வளவு தளர்ந்திருக்கிறது? மயக்க மருந்து நிபுணர் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்.

இந்தக் குறியீடுகள் எல்லாமே பெரிய கூட்டங்களை ஒப்பிட்டுப் பிறந்தவை. கிளாஸ்கோ மதிப்பெண் இரண்டு உள்ள நூறு பேரையும் பூஜ்யம் உள்ள நூறு பேரையும் எடுத்தால், முதல் கூட்டத்தில் காயத் தொற்றும் நுரையீரல் சளியும் குடல் இணைப்பில் கசிவும் அதிகம் பேருக்கு வரும். நோய் திரும்பாமல் வாழும் காலமும் சராசரியில் குறைவாக இருக்கும். அந்த முதல் கூட்டத்திலும் ஒழுங்காக அறுவை முடிந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் உங்கள் அப்பா ஒருவரா என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மேஜையிலிருந்து எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லும் சூத்திரம் எதுவும் மருத்துவத்தில் இல்லை என்று தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது

கட்டியைப் பட்டினி போடலாம் என்ற அத்தையின் நம்பிக்கை புரிகிறது, அன்பில்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் உணவை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. அது அப்பாவின் தசையிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஒரு டம்ளர் கூழில் 30 கிராம் கேழ்வரகு மாவு இருந்தால் அதில் புரதம் சுமார் இரண்டு கிராம். 48 கிலோ எடையுள்ள அவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதமும் 1,200 முதல் 1,450 கலோரியும் வேண்டும். கூழை மட்டும் குடித்து அந்தப் புரத அளவை எட்ட வேண்டுமானால் முப்பது டம்ளர் குடிக்க வேண்டும்.

வாந்திக்குக் காரணம் அடைப்புதான் என்று தெரிந்தால், எண்டோஸ்கோபி வழியாக மூக்கிலிருந்து மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் சிறுகுடல் வரை விட்டு உணவு செலுத்தலாம். சில சமயம் வயிற்றில் சிறு துளையிட்டுக் குடலில் நேராகக் குழாய் வைப்பார்கள். மூக்கில் குழாய் என்றதும் வீட்டில் அழுகை கிளம்பும். நோய் முற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். உண்மையில் அது அறுவைக்கான தயாரிப்பின் ஒரு பகுதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருந்தால், குழாயும் அதன் வழி உணவும் அதில் அடங்குமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

அடைப்பு இல்லை என்று தெரிந்தால் வாய் வழியாகவே போதும். நாளுக்கு மூன்று வேளை என்பதை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம்; ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. பாலில் இரண்டு கரண்டி பால்பொடி கலந்தால் அளவு கூடாமல் சத்து கூடும். நூறு கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிராம். மீன் அவருக்குப் பிடிக்கும் என்றால் முள்ளெடுத்துக் குழம்பில் பிசைந்து கொடுங்கள். கூழை விட மனமில்லை என்றால் மோருக்குப் பதில் பாலும் அரைத்த நிலக்கடலையும் சேர்த்துக் காய்ச்சுங்கள். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். கீமோவுக்குப் பின் பச்சை முட்டையும் தெருக்கடை உணவும் கூடாது. அறுவைக்கு முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய வழக்கம் மாறிவிட்டது. பொதுவாக மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்வரை லேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த நீரும் அனுமதிக்கிறார்கள். ஆனால் இரைப்பை வாயில் அடைப்பு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய மயக்க மருந்து நிபுணர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

ஒரு மாதமாகப் பட்டினி மாதிரி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து இதயம் தடுமாறலாம். ஆகவே உணவைக் கூட்டுவதை மருத்துவமனையின் உணவியல் நிபுணர் மேற்பார்வையில் செய்யுங்கள். அந்த உப்புகளைச் சோதித்து, தயமின் வைட்டமினை முதலிலேயே கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் 8.9 என்பதற்கு இரும்புச்சத்து மாத்திரை இப்போது போதாது. நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று கேளுங்கள். அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே கேட்க வேண்டும்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். மூன்று உருண்டைகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மருத்துவமனையில் தருவார்கள். மணிக்குப் பத்து முறை உறிஞ்சச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் அரை மணி நேரம் நடக்கட்டும். இந்தச் சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

திருவிழாவும் சென்னையும்

இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அறுவை செய்வது வழக்கம். உங்களுக்குக் கொடுத்திருப்பது நான்காம் வாரம். சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதற்கு மறுவாரம் என்றால் ஐந்தாம் வாரம் ஆகிறது; கூடுதலாகக் கிடைக்கும் ஒரு வாரத்தை உணவுக்கும் நடைக்கும் பயன்படுத்தினால் அறுவை சிகிச்சை நிபுணரே சம்மதிக்கக்கூடும். அம்மாவின் விருப்பத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல் நேரில் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆனி, ஆடி என்று இழுக்கக் கூடாது. சத்து ஏறுவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தால், அந்தச் சத்தைக் குறைக்கும் கட்டியும் கூடவே இருக்கும். திருவிழா அன்று அப்பாவைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அம்மனை வீட்டு வாசலிலிருந்து கும்பிட்டாலும் குறையில்லை.

சென்னையில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அறிக்கைகளையும் ஸ்கேன் தகட்டையும் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் கருத்துக் கேட்பதும் இடம் மாற்றுவதும் வேறு வேறு. புது இடத்தில் மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் எண்டோஸ்கோபி, மறுபடியும் தேதி என்று இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். நீங்கள் எழுதியதில் இப்போதைய மருத்துவர்கள் மேல் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கருத்துக் கேட்டு வாருங்கள். கையெழுத்தை வேலூரிலேயே போடலாம் என்பது என் எண்ணம்.

கையெழுத்து என்றதும் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுயநினைவோடு இருக்கும் 61 வயது மனிதருக்காக மகள் கையெழுத்துப் போட முடியாது. மயக்கத்தில் இருந்த பெண் ஒருவருக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், பீடியை நிறுத்து, பிடிக்காததைச் சாப்பிடு, மூக்கில் குழாய் வைத்துக்கொள், மூச்சுப் பயிற்சி செய் என்று இவ்வளவையும் ஒரு வயிற்றுப் புண்ணுக்காக அவர் ஏன் செய்ய வேண்டும்? நான்கு சுற்று கீமோவில் முடி கொட்டியவருக்கு இது புண் இல்லை என்று தெரியாமலா இருக்கும்? பெரும்பாலும் இந்த வீடுகளில் அப்பா அம்மாவிடமும், அம்மா அப்பாவிடமும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களாகச் சொல்லத் தயங்கினால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவரே சொல்வார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், ஐயா?” என்று கேட்டுவிட்டு, அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை

• வாந்திக்கு அடைப்புதான் காரணமா? உணவு செலுத்தக் குழாய் வைக்க வேண்டுமா?

• சி.ஆர்.பி. உயர்ந்திருப்பதற்குப் பல்லோ வேறு தொற்றோ காரணமா என்று பார்த்தீர்களா?

• அறுவைக்கு ஒரு வாரம் முன் ரத்தத்தை மறுபடியும் பார்ப்பீர்களா? அப்போது எந்த அளவு வந்தால் தள்ளிவைப்பீர்கள்?

• உணவியல் நிபுணரையும் மயக்க மருந்து நிபுணரையும் இப்போதே பார்க்கலாமா?

அறுவைக்குப் பிறகும் தம்பி எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பெரிய அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாள் சி.ஆர்.பி. நூறைத் தாண்டுவது சாதாரணம். ஆல்புமின் மேலும் இறங்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பின் சி.ஆர்.பி. இறங்கத் தொடங்குகிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் கவனிப்பார்கள். மூன்று, நான்காம் நாளில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ, குடல் இணைப்பில் கசிவு உண்டா என்று ஸ்கேன் எடுத்துத் தேடுவார்கள். இறங்கிக்கொண்டே வந்தால் கசிவு இருக்க வாய்ப்பு குறைவு என்று வாய் வழி உணவைக் கூட்டுவார்கள். இந்தக் குறியீடுகளில் ஒரு தனி மனிதருக்கு நேரடியாகப் பயன்படுவது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத வாந்தி, ஒரு நாள் முழுவதும் சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை பொறுக்காமல் இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீமோ முடிந்து எத்தனை நாள் ஆயிற்று, வெள்ளணு ஊசி எப்போது போட்டது என்பதை ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.